உப்பில்லாத ஐந்து வாரங்கள்

என் மனைவிக்கு நான் சமைத்துப் போட்ட கதையை எங்கள் உறவில் பெருமையாகச் சொல்லுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். "ரிட்டயர்டு ஆன மனுஷன், கரண்டி பிடிச்சு பொண்டாட்டிய காப்பாத்தியிருக்காரு. இவரு மாதிரி யாரு இருக்கா?" என்று. நானும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, அப்படியெல்லாம் இல்லை என்பதுபோல் சிரித்து வைத்திருக்கிறேன். உண்மையிலேயே அப்படியெல்லாம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் பங்குனியில் அவளுக்குப் பெருங்குடலின் அடியில் இருந்த ஒரு கட்டியைப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் எடுத்தார்கள். உள்ளே தைத்த இடம் ஆறும்வரை அந்த வழியாக எதுவும் போகக்கூடாதாம். அதற்காகச் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். சிறிய தக்காளி அளவில், சிவப்பாக, எப்போதும் ஈரமாக இருக்கும். அதைச் சுற்றி ஒரு பையை ஒட்டிவிடுவார்கள். சாப்பிட்டது, குடித்தது எல்லாம் அந்தப் பையில் வந்து விழும். பை நிரம்ப நிரம்பத் திறந்து கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும்.

நாலு மாதத்தில் குடலை மறுபடி உள்ளே வைத்துத் தைத்துவிடலாம் என்று அறுவைசிகிச்சை செய்த டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பு தேறி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால் ஆடியில் செய்துவிடலாம் என்றார். என் மனைவி அந்த ஆடியை நினைத்துக்கொண்டேதான் பொழுதை ஓட்டினாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குப்புறப் படுத்துத்தான் தூக்கம் வரும். "பை இல்லாம ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, குப்புறப் படுத்துத் தூங்கணுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பிய அன்று நான் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றேன். அந்த நேரத்தில் ஸ்டோமா நர்ஸ் மேலே வந்து இவளிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். வாடகைக் காரில் திரும்பும்போது, சிதம்பரம் தாண்டியதும் அவள் எனக்கு ஒப்பித்தாள்.

"வெறும் தண்ணி நெறைய குடிக்கக் கூடாதாம். எளநீ, மோரு, காபியெல்லாம் கொறச்சுக்கணுமாம். சாப்பாட்டுல உப்பு நல்லா சேத்துக்கணுமாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்த ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு, அதுக்கு மேல அரை ஸ்பூன் உப்பும் போட்டு, அதத்தான் நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணுமாம். வயித்துப்போக்கு மாத்திரைய சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுக்கணுமாம்."

நான் சிரித்தேன். "பதினோரு வருஷமா உனக்கு பிரஷரு. உப்பு நல்லா சேத்துக்கன்னு உங்கிட்ட ஒரு நர்ஸ் சொல்லியிருப்பாங்களா? நீ மயக்கத்துல எதையோ காதுல வாங்கியிருப்ப. எழுதிக் குடுத்தாங்களா?"

"காயிதத்துல இருக்குன்னுதான் சொன்னாங்க."

அந்தத் தாளை நான் காரிலேயே எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நெருக்கி அச்சடித்திருந்தது. என்ன அறுவைசிகிச்சை, என்ன மாத்திரை, எப்போது மறுபடி வர வேண்டும் என்று இருந்தது. உப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. "பாத்தியா?" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

என்னைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வேலையில் வாய்மொழி உத்தரவுக்கு மரியாதை கிடையாது. பழைய உத்தரவை ரத்துசெய்து புதிய உத்தரவு எழுத்தில் வரும்வரை பழையதுதான் செல்லும். பதினோரு வருஷத்துக்கு முன் ரத்தக்கொதிப்புக்குப் பார்த்த டாக்டர் "உப்பைக் குறைக்கவும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு என் கோப்பில் இருந்தது. அது ரத்தாகவில்லை. என் புத்தி போன போக்கு இதுதான். மனைவி வாயால் வந்தது எனக்கு உத்தரவாகவே படவில்லை.

அதோடு அடுப்பங்கரை என் கைக்கு வந்தது. அவளால் நிற்க முடியாது. ஆள் வைத்தால் பையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்று பயந்தாள். நான் சமைக்கிறேன் என்றேன். முதல் வாரம் சோற்றைக் குழைத்தேன், ரசத்தைக் கருக்கினேன். இரண்டாம் வாரம் கை பழகிவிட்டது. பழகியதும் எனக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது. அவள் ராஜ்ஜியத்தில் முப்பத்தாறு வருஷமாக நடந்த அநியாயங்களைச் சீர்திருத்தப் போகிறவன்போல் அலமாரியைத் துடைத்து அடுக்கினேன். உப்பு டப்பாவை மேல்தட்டில், அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். அவள் தை மாதத்தில் போட்டு வைத்திருந்த உப்பு நாரத்தங்காய் ஒரு ஜாடி நிறைய இருந்தது. அதை அப்படியே பக்கத்து வீட்டு அக்காவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அந்த அக்காவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து காலமானவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வரும், பிள்ளைகளும் அங்கேதான். தனியாக இருப்பவர்.

மோரில் உப்பில்லை. கஞ்சியில் உப்பில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பாதிதான் போட்டேன், ஒரு லிட்டருக்கு. அதிலும் உப்பு இருக்கிறதே என்ற கவலை. வயிற்றுப்போக்கு மாத்திரையை, எல்லா மாத்திரையும் போல, சாப்பிட்ட பிறகு கொடுத்தேன்.

பையில் எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அது தாளிலேயே இருந்தது, ஆகவே செய்தேன். மில்லிலிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை வாங்கி, கோடுபோட்ட நோட்டில் தேதி, நேரம், அளவு எல்லாம் எழுதினேன். முதல் வாரம் நாளைக்கு ஒன்றேகால் லிட்டர். இரண்டாம் வாரம் இரண்டு. மூன்றாம் வாரம் இரண்டரை. கூழ்போல் வர வேண்டியது பழுப்பு நிறத் தண்ணீராக வந்தது. இவ்வளவு தண்ணீர் வெளியே போனால் இவ்வளவும் உள்ளே போக வேண்டும் என்பது என் கணக்கு. மண்டபத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அலுவலக நண்பரிடம் சொல்லி வாரம் இரண்டு முறை இளநீர்க் குலையை வண்டியில் வரவழைத்தேன். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. நடுவில் சீரகத் தண்ணீர், மோர், பழச்சாறு. நான் கொடுக்கக் கொடுக்கப் பை வேகமாக நிரம்பியது. வேகமாக நிரம்ப நிரம்ப நான் இன்னும் கொடுத்தேன். ஒரு தடவைகூட என் புத்திக்கு எட்டவில்லை.

சித்திரை வெயில் வேறு. அவள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை பையைக் கொட்டினாள். ஓரம் விட்டுக் கசிந்து, சுற்றியிருந்த தோல் வெந்துபோனது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது என்றாள், எண்ணெய் தடவிவிட்டேன். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்றாள். இன்னொரு இளநீர் வெட்டினேன். "கொஞ்சமா உப்பு போடுங்களேன், வாயெல்லாம் சப்புன்னு கெடக்கு" என்று ஒரு நாள் கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு நான் சொன்ன பதில் எனக்கு ஓர் அட்சரம்கூட மறக்கவில்லை. "நாக்க அடக்கு. நாக்க அடக்காமத்தான் இந்த வியாதியெல்லாம் வருது" என்றேன். கட்டி நாக்கால் வருவதில்லை. அது எனக்கும் தெரியும்.

நான்காம் வாரம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். சந்தையிலிருந்து வந்து பார்த்தால் வீட்டில் ஆளைக் காணோம். நடக்கவே தள்ளாடுகிறவள் எங்கே போனாள் என்று பதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அக்காவின் அடுப்பங்கரையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் நான் கொடுத்துவிட்ட அதே ஜாடி. ஒரு துண்டு நாரத்தங்காயை வாயில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். விரலில் ஒட்டியிருந்த உப்பையும் நக்கினாள்.

நான் போட்ட சத்தத்தில் அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"வெக்கமா இல்ல உனக்கு? அடுத்த வீட்டுல வந்து திருடித் தின்னுறியே! ஒனக்காக ஒருத்தன் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நாயா அலையறான்!"

"தம்பி, நாந்தான் குடுத்தேன். அவள ஏசாதீங்க. பாவம், ரெண்டு நாளா கேக்குறா" என்றார் அக்கா.

"நீங்க சும்மா இருங்கக்கா. நீங்களா வந்து பார்க்கப் போறீங்க நாளைக்கு பக்கவாதம் வந்தா?"

இவள் வாயிலிருந்த துண்டைக் கையில் துப்பி, எங்கே போடுவது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே எழுந்தாள். அப்படியே என் பின்னால் வீட்டுக்கு வந்தாள். அறுபத்தொரு வயதுப் பெண்பிள்ளை. அவள் உடம்பு உப்பைக் கேட்டு அவளை அங்கே நடத்திக்கொண்டு போயிருக்கிறது. நான் அதைத் திருட்டு என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு விடிகாலை பை கழுவப் போனவள் குளியலறை வாசலிலேயே சாய்ந்துவிட்டாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், வாய் குழறுகிறது. முந்தின நாள் முழுக்கச் சிறுநீர் ஒரே ஒரு தடவைதான், அதுவும் கொஞ்சம்போல, காபி நிறத்தில் போயிருந்தாள். அக்காவும் நானுமாக ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குள் இருக்கும் மருத்துவமனைக்குப் போனோம். பிரஷர் எகிறியிருக்கும் என்றுதான் நான் வழியெல்லாம் நினைத்தேன். அங்கே பார்த்தால் மேல் அளவே எண்பதுதான் இருந்தது. ரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தன.

இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். மறுநாள் மதியம் அவளுக்கு நன்றாகப் பேச்சு வந்ததும் அங்கிருந்த டாக்டரம்மா, எனக்கு மகளாகும் வயதுதான் இருக்கும், கட்டில் ஓரமாக நின்று கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

நான் எழுந்தேன். நோட்டு என் துணிப்பையில் இருந்தது. ஒரு நாள் விடாமல் எழுதியதைக் காட்டப்போகும் ஆர்வம் எனக்கு. பையில் கையை விட்டுவிட்டேன்.

"நெறையம்மா. தண்ணி, எளநீ, மோரு எல்லாம்" என்றாள் இவள்.

"இளநீரா? ஆபரேஷன் பண்ண இடத்துல வேணாம்னு சொல்லலையா? உங்களுக்கு ஸ்டோமா சிறுகுடல்ல இருக்கு. உப்பில்லாத தண்ணி உள்ள போனா குடல் அத உறிஞ்சாது. உடம்புல இருக்கற உப்பையும் சேத்து இழுத்து வெளிய கொட்டும். குடிக்கக் குடிக்கத் தாகம்தான் எடுக்கும். தண்ணி குடிச்சே காஞ்சு போயிருக்கீங்க. சாப்பாட்டுல உப்பு போட்டாங்களா?"

என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. நோட்டின் அட்டை விரலில் பட்டுக்கொண்டிருந்தது.

"நாந்தாம்மா வேணாம்னேன். பிரஷருக்கு பயந்துகிட்டு. எளநீயும் நாந்தான் கேட்டுக் கேட்டுக் குடிச்சேன், தாகம் தாங்கல. இவரு வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு" என்றாள் என் மனைவி. பொய் சொல்லி எனக்குத் தெரிந்து அவளுக்குப் பழக்கமே கிடையாது.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா நீங்க, இவ்வளவு பார்த்துக்கற வீட்டுக்காரர வெச்சிக்கிட்டு? ஆசைப்பட்டதெல்லாம் குடிச்சு கிட்னிய கெடுத்துக்குவீங்களா?" என்று ஏசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் கொஞ்சம் கண்டிச்சு வெக்கணும்."

"சரிங்க டாக்டர். இனிமே பாத்துக்கறேன்" என்றேன்.

இப்படித்தான் சொன்னேன். நோட்டைப் பைக்குள்ளேயே அழுத்தி, மேலே துண்டைப் போட்டு மூடினேன். அக்கா அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு போய்ச் சன்னலருகே நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழாயிற்று. இரண்டு நாள் வாயில் வெறும் தண்ணீரே வைக்கக்கூடாது என்றார்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் உப்புக்கரைசல், நர்ஸ் சொன்னதாக அவள் சொன்ன அதே கணக்கில். மற்றபடி தண்ணீர், காபி எல்லாம் சேர்த்து அரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது. சாப்பிடும்போது குடிக்கக் கூடாது. மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்கள். குழைந்த சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், உப்புப் போட்ட கெட்டித் தயிர், பொரித்த அப்பளம். மூன்று லிட்டர் வந்துகொண்டிருந்தது ஐந்தாம் நாள் ஒன்றரை ஆனது. எட்டாம் நாள் ஒரு லிட்டர், அதுவும் கூழாக. இவ்வளவுதான் வைத்தியம். ஒரு கை உப்பும், கொஞ்சம் சொல்பேச்சுக் கேட்பதும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு புதுச்சேரித் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் இருந்தது. தமிழில், கொட்டை எழுத்தில், படம் போட்டு. இளநீர் படத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. முப்பத்து மூன்று வருஷம் மற்றவர்கள் கோப்பில் பின்பக்கம் பார்க்கவில்லை என்று எத்தனை பேருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருப்பேன். தாளை அவளிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "ம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஆடியில் புதுச்சேரி போனோம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் இன்னும் முழுசாகத் தேறவில்லை, இந்த நிலையில் மயக்க மருந்து கொடுக்க முடியாது, தை கழியட்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். ஆறு மாதம். அவள் அங்கே அழவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு, கடலூர் வரும்வரை அழுதாள். நான் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் என்னால் பொறுக்க முடியவில்லை. காரைக்கால் டாக்டரம்மாவிடம் அடுத்த முறை காட்டப் போனபோது, இவளை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இளநீர் வெட்டியது நான், உப்பை எடுத்தது நான், இவள் சொல்லியும் கேட்காதது நான் என்று. நோட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "சரி சார், நெறைய வீட்டுல இப்படித்தான் நடக்குது. இப்ப எவ்வளவு வருது?" என்றார். அவருக்கு அன்று இன்னும் இருபது பேர் வெளியே காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அவள் பை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் தோலில் தூவும் பவுடர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று ஆஸ்பத்திரியில் ஏன் அப்படிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று கேட்டேன். என்மேல் உள்ள பிரியத்தில் என்று சொல்லுவாள் என எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டேன்.

"அந்தப் பொண்ணு உங்கள நாலு பேரு முன்னாடி ஏசியிருந்தா நீங்க பொறுத்துக்குவீங்களா? கோவிச்சுக்கிட்டு எல்லாத்தையும் விட்டுருவீங்க. அப்புறம் எனக்கு யாரு பண்ணுவா?" என்றாள். பசையின் மேல்தாளை உரித்துக்கொண்டே சொன்னாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்படி விட்டுருவேனா நான்?"

"ஆபரேஷன் முடிஞ்சு வந்த ரெண்டாவது வாரம் பை கசிஞ்சு மெத்தையெல்லாம் ஆச்சே, அன்னிக்கு செருப்ப மாட்டிக்கிட்டு கெளம்பிப் போனீங்களே. மூணு மணி நேரம் அதுலயே உக்காந்திருந்தேன்."

அந்த நாளை இதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கழுவிக் கழுவி மாளவில்லை என்று கத்திவிட்டு, கடற்கரைச் சாலைக்குப் போய் ஒரு மர நிழலில் உட்கார்ந்திருந்தேன். மனம் இரங்கித் திரும்பி வந்ததாகத்தான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. கிளம்பின வேகத்தில் சட்டைப் பையில் காசு எடுத்து வைக்க மறந்துவிட்டேன். மதியம் ஒரு மணிக்குப் பசித்தது. அதனால்தான் வீட்டுக்கு வந்தேன்.